வெறுங்கையால் தொட்ட வாத்து

அப்போது நான் நாஞ்சில்நாட்டில், வயல்களுக்கு நடுவே இருந்த ஒரு சின்னக் கால்நடை மருந்தகத்தில் மருத்துவராக இருந்தேன். வேலையில் சேர்ந்து ஆறு வருடம் ஆகியிருந்தது. மகளுக்கு ஒன்றரை வயது. கணவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார்.

2014 முடியும் சமயத்தில் கேரளத்தின் குட்டநாட்டில் வாத்துகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. பறவைக் காய்ச்சல் என்று உறுதியானதும் எல்லையில் இருக்கும் எங்கள் மாவட்டம் பரபரப்பானது. எங்களுக்கெல்லாம் முறை வைத்துக் களியக்காவிளைச் சோதனைச்சாவடியில் பணி போட்டார்கள். கேரளத்திலிருந்து வரும் வண்டிகளின் சக்கரங்களில் கிருமிநாசினி தெளிக்க வேண்டும். கோழி, வாத்து, முட்டை, கோழித்தீவனம் ஏற்றிய வண்டி என்றால் திருப்பி அனுப்ப வேண்டும். ஓட்டுநர்கள் சில நாள் சண்டை போட்டார்கள். பிறகு அவர்களே வண்டியை நிறுத்திச் சக்கரத்தைக் காட்டப் பழகிவிட்டார்கள்.

பணி இல்லாத நாள்களில் பள்ளிக்கூடங்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் போய்ப் பேசினேன். செத்த பறவையை வெறுங்கையால் தொடாதீர்கள். மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுங்கள். கோழிகள் திடீரென்று சேர்ந்து செத்தால் மறைக்காமல் எங்களிடம் சொல்லுங்கள். நோய்ப்பட்டதை அறுக்காதீர்கள். கறியையும் முட்டையையும் நன்றாக வேகவைத்துச் சாப்பிட்டால் பயமில்லை. இதையே எத்தனையோ முறை சொன்னதில் எனக்கு நல்ல சரளம் வந்துவிட்டது. எங்கே நிறுத்தினால் பெண்கள் தலையாட்டுவார்கள், எங்கே சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்பதெல்லாம் அத்துபடி.

தை பிறந்தபோது எல்லையில் கெடுபிடி தளர்ந்தது. மாசி அறுவடை தொடங்கியதும் எல்லோருக்கும் அவரவர் வேலை. எங்கள் மாவட்டத்துக்கு நோய் வரவில்லை என்று நாங்களே முடிவுகட்டிவிட்டோம். எல்லைப் பணிக்காகப் பெட்டிகளில் வந்த கையுறைகளும் முகக்கவசங்களும் பீரோவுக்குள் போயின.

அறுத்த வயல்களில் வாத்து மேய்க்க ஆண்டுதோறும் ஆட்கள் வருவார்கள். சிந்திய நெல்லையும் நத்தையையும் புழுவையும் வாத்துகள் தின்று தீர்க்கும். வயலுக்கும் எருவாகும். அந்த ஆண்டு திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒரு கணவனும் மனைவியும் ஆயிரம் வாத்துகளோடு வந்து, மருந்தகத்துக்கு ஒரு மைல் தள்ளி ஒரு வயலில் வலை கட்டித் தங்கியிருந்தார்கள். பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள்.

ஒருநாள் நான் மருந்தகத்தைப் பூட்டப்போகும் நேரத்தில் அந்த அம்மா வந்தாள். நாற்பது வயது இருக்கும். வெயிலில் காய்ந்த மெலிந்த முகம். கையில் ஓர் உரச்சாக்கு.

"அம்மா, இதக் கொஞ்சம் பாத்துச் சொல்லுங்கம்மா. நேத்து நல்லா மேஞ்சிச்சி. இன்னைக்குக் கழுத்து நிக்கல."

சாக்குக்குள் ஒரு வாத்து. உயிர் இருந்தது. நான் அதை வெளியே எடுத்து மேசைமேல் வைத்தேன். கழுத்து துவண்டு கிடந்தது. கண்ணில் நீர் வடிந்தது. வாலடியில் பச்சையாகக் கழிச்சல் ஒட்டியிருந்தது. அலகைத் திறந்து பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது செத்தது.

"வேற எதுக்காவது இப்படி இருக்கா?"

"இது ஒண்ணுதாம்மா," என்றாள்.

கழிச்சலுக்கு மருந்துத்தூள் கொடுத்துத் தண்ணீரில் கலந்து வைக்கச் சொன்னேன். செத்ததை ஆழமாகப் புதைக்கச் சொன்னேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். ஆனால் சேலையில் துடைத்தேன். அந்தச் சேலையோடுதான் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே மகள் ஓடி வந்தாள். தூக்கிக் கொஞ்சினேன். அவள் என் முந்தானையை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டு தோளிலேயே தூங்கிப்போனாள்.

மறுநாள் காலையில் நான் போகும்போதே அந்த அம்மா மருந்தகப் படியில் உட்கார்ந்திருந்தாள். சாக்கு எதுவும் கொண்டு வரவில்லை.

"இருவது செத்துக் கெடக்கும்மா," என்றாள். "நேத்து ஒங்ககிட்ட ஒண்ணுன்னு சொன்னேன். அதுக்கு முன்னாலயே நாலு போயிருந்திச்சி. சொன்னா ஊர்க்காரங்க தொரத்திருவாங்கன்னு எங்க வீட்டுக்காரரு சொல்லக்கூடாதுன்னுட்டாரு."

வாத்துகளுக்கு வரும் பிளேக் நோயிலும் இப்படித்தான் இருக்கும். பறவைக் காய்ச்சலிலும் இப்படி இருக்கலாம். கண்ணால் பார்த்து இரண்டையும் பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது. ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். நாகர்கோவிலில் இருந்த மேலதிகாரிக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். முந்தின நாள் வாத்தை வெறுங்கையால் தொட்டதை மட்டும் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் என்று இப்போது சொன்னால் அது பொய். சொல்ல வெட்கமாக இருந்தது.

பதினோரு மணிக்கு நான்கு பேர் கொண்ட குழு வந்து சேர்ந்தது. எங்கள் மருந்தக உதவியாளர் பீரோவைத் திறந்து பெட்டிகளை எடுத்து வைத்தார். உச்சி முதல் கால் வரை மூடும் வெள்ளை உடை, இரட்டைக் கையுறை, கண்ணாடி, முகக்கவசம், ரப்பர் பூட்ஸ். மாட்டி முடித்ததும் உதவியாளர் என்னைப் பார்த்து, "மேடம், பிள்ளைகள் பாத்தா பயந்து அலறும் கேட்டேளா," என்றார். நான் சிரிக்கவில்லை.

மாசி வெயில். உடைக்குள் வியர்வை முதுகில் ஓடையாக இறங்கியது. வலைக்குள் வாத்துகள் ஒரு பக்கமாக ஒதுங்கிக் கூச்சலிட்டன. எழுந்திருக்க முடியாதவை தனியாகக் கிடந்தன. தொண்டையிலும் பின்பக்கத்திலும் பஞ்சுக்குச்சியால் மாதிரி எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தோம். அது சென்னைக்குப் போய், அங்கிருந்து போபால் ஆய்வகத்துக்குப் போக வேண்டும். முடிவு வர எத்தனை நாளாகும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. செத்தவற்றை ஆழமான குழியில் போட்டுச் சுண்ணாம்பு கொட்டி மூடினோம். வயலிலிருந்து கால்வாய்க்குத் தண்ணீர் போகும் மடையை அடைத்தோம். அந்தக் கால்வாய் போய்ச் சேரும் குளத்தில்தான் வெளிதேசத்துப் பறவைகள் வந்து இறங்கியிருந்தன.

பாதி வேலையில் ஊர்க்காரர்கள் வரப்பில் கூடிவிட்டார்கள். முன்னால் நின்றவர் அந்த வயலுக்குச் சொந்தக்காரர். அறுபதை நெருங்கியவர், உரத்த குரல்.

"டாக்டரே, இதுகள இன்னைக்கே லாரியில ஏத்தி விடணும். பிள்ளைகள் இருக்கப்பட்ட ஊராக்கும்."

"ஏத்தி விடப்பிடாது," என்றேன். "ஒருவேளை பறவைக் காய்ச்சலா இருந்தா, இதுகள் போற ஊரெல்லாம் அதுவும் கூடவே போகும். முடிவு வர்ற வரைக்கும் இங்கேருந்து ஒரு வாத்துகூட வெளிய போகப்பிடாது. நீங்க யாரும் உள்ள வரவும் பிடாது."

"அப்பம் இதுகளுக்குத் தீனி? காய்ஞ்ச வயல்ல அடைச்சுப் போட்டா பட்டினியில சாகும்லா?"

"நீங்கதான் கொண்டுவந்து தரணும். வரப்புல வச்சிட்டுப் போங்க. இவங்க எடுத்துக்கிடுவாங்க."

அவருக்குக் கோபம் வந்தது. "நல்ல கதையாட்டு இருக்கே! அந்த நோயா இருந்தா என்ன செய்வீங்க?"

உண்மையைச் சொன்னேன். ஒரு கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் இருக்கும் எல்லாக் கோழிகளையும் வாத்துகளையும் கொன்று புதைக்க வேண்டி வரும், அரசு ஈடு கொடுக்கும் என்றேன்.

"எங்க வீட்டுக் கோழியுமா?"

"ஆமா."

அவருடைய மனைவி வளர்க்கும் கோழிகளுக்கு நான்தான் ஆண்டுதோறும் ஊசி போடுவேன். அவர் திரும்பி வாத்துக்காரரை முறைத்துப் பார்த்தார். அந்த மனிதர் தலை குனிந்துகொண்டார்.

பிறகு நோய்ப்பட்ட வாத்துகளை யாரெல்லாம் தொட்டார்கள் என்று கேட்டுப் பட்டியல் எடுத்தோம். அப்போதுதான் அந்த அம்மா மெல்லச் சொன்னாள், மூன்று நாளைக்கு முன் துவண்டு கிடந்த ஒரு வாத்தை அறுத்துக் குழம்பு வைத்ததாக.

"சாகப்போறத வீணாக்குவானேன்னுதாம்மா. நல்லா வேகவச்சித்தான் தின்னோம்."

வேகவைத்ததில் பயம் குறைவு. அறுத்ததும் இறகு பிடுங்கியதும் குடலை அள்ளியதும்தான் பயம். அவள் முகத்தைக் கவனித்தேன். கண் சிவந்திருந்தது. பேச்சுக்கு நடுவே இருமினாள்.

"காய்ச்சல் அடிக்கா?"

"நேத்து ராத்திரியிலருந்து லேசா."

அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், தொண்டையில் மாதிரி எடுத்துப் பார்ப்பார்கள், முடிவு தெரியும்வரை தனி அறையில் இருக்க வேண்டும் என்றேன். அவள் இரண்டடி பின்னால் போனாள்.

"நான் போமாட்டேன். இவரு ஒத்தையில இத்தனையையும் எப்படிப் பாப்பாரு? நான் அந்தப் பக்கம் போனதும் நீங்க எல்லாத்தையும் கொன்னுருவீங்க."

"முடிவு வராம ஒண்ணையும் தொடமாட்டோம். நான் சொல்லுகேன்லா."

"நீங்களும்தான் தொட்டீங்க." குரலில் சண்டை இல்லை, சாதாரணமாகக் கேட்டாள். "முந்தாநேத்து சாயங்காலம் மேசைல போட்டு வாயத் தொறந்து பாத்தீங்க. கையில ஒண்ணும் போடல. நீங்க எங்கம்மா போய் இருக்கப்போறீங்க?"

நாளைத் தவறாகச் சொன்னாள், அது நேற்றுத்தான் நடந்தது. குழுவில் இருந்த நால்வரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். உதவியாளர் பார்க்காததுபோல் ஐஸ் பெட்டியின் மூடியை அழுத்திக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றவர்கள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் நான் சொன்ன முதல் வாக்கியம் நினைவுக்கு வந்தது. அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என் முகம் யாருக்கும் தெரியவில்லை என்பது ஒன்றுதான் அப்போது ஆறுதல்.

"ஆமா," என்றேன். "நானும் உங்ககூட வாறேன். ரெண்டு பேரும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவள் கணவனைப் பார்த்தாள். அவர் தலையை ஆட்டினார்.

உடையைச் சொல்லிக்கொடுத்த வரிசைப்படி கழற்றி எரிப்பதற்கான பையில் போட்டு, முழங்கைவரை கழுவிவிட்டு மேலதிகாரியை அழைத்து அதையும் சொன்னேன். "முதல்லயே சொல்லியிருக்கணும்," என்றார். "பிள்ளையத் தொட்டியா?" என்று கேட்டார். தொட்டேன் என்றேன். அவரும் பெண்பிள்ளை பெற்றவர். ஆம்புலன்சை அவரே வரவழைத்தார்.

ஆம்புலன்சில் இரண்டு பேரும் முகக்கவசத்தோடு எதிரெதிரே உட்கார்ந்து போனோம். வழியில் அவள், "கோவமாம்மா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீங்க கேட்டது நல்லதுதான்."

"நான் மனசுல வச்சிக் கேக்கல. தெரிஞ்சிக்கிடத்தான் கேட்டேன்," என்றாள்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தனி அறையில் சேர்த்துக்கொண்டார்கள். எனக்குக் காய்ச்சலோ இருமலோ இல்லாததால் மாத்திரை கொடுத்து, பத்து நாள் வீட்டிலேயே தனியாக இருக்கச் சொன்னார்கள். காலையும் மாலையும் உடம்புச் சூட்டை அளந்து எழுத வேண்டும். மகளையும் கவனிக்க வேண்டும். அவளுக்குக் காய்ச்சல் வந்தால் உடனே கொண்டுவர வேண்டும்.

கணவருக்குத் தொலைபேசியில் சொன்னபோது அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். "நேத்து கட்டியிருந்த சேலை எங்க கிடக்கு?" என்று மட்டும் கேட்டார். நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் அதைத் தனியாக ஊறவைத்துத் துவைத்து வெயிலில் போட்டிருந்தார். மாடி அறையில் பாயும் ஒரு குடம் தண்ணீரும் தெர்மாமீட்டரும் இருந்தன. பள்ளிக்கூடத்துக்கு விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டார். மகளைக் குளிப்பாட்டவும் ஊட்டவும் அவருக்குத் தெரியும், தலைமுடி பின்னத்தான் வராது.

மகள் மாடிப்படியின் கீழே நின்று கூப்பிடுவாள். கணவர் படிக்குக் குறுக்கே நாற்காலியைப் போட்டிருந்தார். முதல் இரண்டு நாள் அவள் அழுதாள். மூன்றாம் நாள் நாற்காலியின் இடுக்கு வழியாகக் கரண்டியையும் செருப்பையும் உள்ளே தள்ளி விளையாடத் தொடங்கினாள். நான் மேல்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அவள் ஒருமுறை தும்மினாலும் நான் எழுந்து நிற்பேன். கணவர் கீழேயிருந்து, "பவுடர் மூக்குல ஏறிட்டு, வேற ஒண்ணுமில்ல," என்பார். மணிக்கு ஒருதரம் அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்துத் தலையசைப்பார்.

மாலை நேரங்களில் ஆஸ்பத்திரியிலிருந்து வாத்துக்கார அம்மா கூப்பிடுவாள். அவளிடம் ஒரு பழைய கைப்பேசி இருந்தது.

"இன்னைக்கு எத்தன போச்சிம்மா?"

நான் உதவியாளரிடம் கேட்டு வைத்திருப்பேன். முதலில் இருபது, முப்பது என்று இருந்த எண்ணிக்கை பிறகு குறையத் தொடங்கியது. அதைச் சொன்னதும் என் மகளைப் பற்றிக் கேட்பாள்.

"பாப்பாவுக்குச் சூடு இல்லல்லா?"

"இல்ல. உங்களுக்கு?"

"எறங்கிட்டு. சும்மா படுத்துக் கெடக்கறதுதான் கஷ்டமா இருக்கு. இவ்வளவு நேரம் படுத்ததே இல்ல. கைய என்ன செய்யணும்னு தெரியல."

வயலில் நடந்ததை உதவியாளர் எனக்குச் சொன்னார். முதல் நாள் யாரும் தீனி கொண்டு வரவில்லை. மறுநாள் காலையில் வயல்காரரே ஒரு மூட்டைப் பதர்நெல்லைத் தலையில் சுமந்து வந்து வரப்பில் போட்டுவிட்டுப் போனாராம். அதற்கடுத்த நாள் தவிடும் சோறும் வந்தது. அவர் ஐம்பது அடி தள்ளி நின்று, "ஓய், அந்த மாஸ்க்கு என்னத்துக்குக் கழுத்துல கெடக்கு? மேல இழும்!" என்று வாத்துக்காரரைப் பார்த்துச் சத்தம் போடுவாராம். வாத்துக்காரர் இழுத்துவிட்டுக்கொள்வார். இவர் திரும்பியதும் மறுபடி கழுத்துக்கு இறக்கிவிடுவார். இது ஒரு நாளைக்கு ஐந்தாறு முறை நடந்தது. ஊர்ப் பெண்கள் தங்கள் கோழிகளைக் கூட்டை விட்டு வெளியே விடவில்லை. கேட்காமலே செய்தார்கள்.

ஐந்தாம் நாள் அந்த அம்மாவின் முடிவு வந்தது. சாதாரண வைரஸ் காய்ச்சல். அவள் ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னைக் கூப்பிட்டு, "ஒண்ணுமில்லையாம்மா, ஒண்ணுமில்லையாம்," என்று இரண்டு முறை சொன்னாள். நான் படியில் உட்கார்ந்து அழுதேன். ஆனால் அவளுக்கு இல்லை என்பதால் வாத்துகளுக்கும் இல்லை என்றாகிவிடாது. இன்னும் மூன்று நாள் காத்திருந்தோம்.

எட்டாம் நாள் மதியம் மேலதிகாரி கூப்பிட்டார். பறவைக் காய்ச்சல் இல்லை. வாத்து பிளேக். மனிதருக்குத் தொற்றாது.

"நாளைக்கே மிச்சம் இருக்கிறதுக்கு ஊசி போடச் சொல்லுகேன்," என்றார். பிறகு, "உனக்கு ஒரு மெமோ வரும். விளக்கம் எழுதிக் குடு," என்றார்.

எழுதிக் கொடுத்தேன். கையுறை இல்லாமல் தொட்டேன், அதை ஒரு நாள் மறைத்தேன் என்று இரண்டையும் எழுதினேன். வாத்துகளில் ஏறக்குறைய இருநூறு செத்திருந்தன. பிளேக்காக இருந்ததால் அந்த அளவில் நின்றது. சாக்கோடு வந்த அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால் இன்னும் குறைந்திருக்கும் என்று அந்த அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அவளுக்கே தெரியும். என்னிடமும் அவள் எதையும் சொல்லிக்காட்டவில்லை.

படிக்குக் குறுக்கே கிடந்த நாற்காலியைக் கணவர் எடுத்தபோது மகள் என்னிடம் ஓடி வரவில்லை. அப்பாவின் காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அரைமணி நேரம் கழித்துத்தான் வந்து மடியில் ஏறினாள். அவளுடைய தலையில் இரண்டு பக்கமும் கோணலாக ரப்பர் பாண்டு போட்டிருந்தது.

ஊசி போட்டுக் கண்காணிப்பு முடிந்து, வாத்துகளை ஊருக்குக் கொண்டுபோக அனுமதிச் சான்று எழுதிக் கொடுக்க நான் போனேன். அந்த அம்மா வலையைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். வயல்காரரின் மனைவி ஒரு தூக்குவாளியில் அவித்த மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் கொண்டுவந்து, இந்த முறை வரப்பில் வைக்காமல் கையிலேயே கொடுத்தாள்.

சில மாதம் கழித்துத் திருவட்டாறு பக்கம் ஒரு மகளிர் குழுவில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். பழைய வரிசைப்படி தொடங்க எனக்கு மனம் வரவில்லை. வாத்தை வெறுங்கையால் தொட்டதையும், அந்தச் சேலையோடு பிள்ளையைத் தூக்கியதையும், வெட்கப்பட்டு மறைத்ததையும் சொன்னேன். யாரும் தலையாட்டவில்லை. பின்வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்தாள்.

"மேடம், எங்க வீட்டுல நேத்து மூணு கோழி செத்துப்போச்சு. நாந்தான் காலப் பிடிச்சுத் தூக்கி வாழைக்கு அடியில போட்டேன். மாமிக்கிட்டகூடப் பறையல்ல, ஒருத்தருக்கும் தெரியாது."

கூட்டத்தை அதோடு முடித்துக்கொண்டு அவளோடு போனோம். உதவியாளர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். ரப்பர் மரங்களுக்கு நடுவே ஏற்றத்தில் அவள் வீடு. வாசலுக்கு வெளியிலேயே நின்று கையுறையையும் முகக்கவசத்தையும் போட்டுக்கொண்டேன். அவளுக்கும் ஒரு ஜோடி கொடுத்தேன். கோழிகளுக்கு வழக்கமாக வரும் வெள்ளைக்கழிச்சல்போலத்தான் இருந்தது. இருந்தாலும் மாதிரி எடுத்து அனுப்பினோம்.